கருப்புக்கு முதுகு காட்டாத கார்

“மாடு கட்டி இழுத்தா அது வண்டி. தானா ஓடுனா அது காரு. இது என்ன கருமம்னு கேக்குறேன், வாயத் தெறந்து சொல்லுங்க!”

“மெல்லப் பேசு புள்ள. அதுக்குக் காது கேக்கும்.”

“எதுக்கு?”

“காருக்குத்தான்.”

இதற்குப் பிறகு மாயக்காள் போட்ட சத்தத்தில் தெருவில் ஒரு வேலையும் நடக்கவில்லை. எதிர்வீட்டுப் பொன்னாத்தாள் அம்மியில் வைத்த மிளகாய் வைத்தபடியே கிடந்தது. அனுமந்தன்பட்டியில் புருசன் பெண்சாதிச் சண்டை ஒன்றும் புதிதல்ல. ஆனால் காரை வைத்துச் சண்டை போடுகிற வசதி ஊரில் அந்த ஒரு வீட்டுக்குத்தான் இருந்தது. அதைக் காதில் வாங்காமல் விட்டால் யாருக்கு நஷ்டம்?

“நேத்து உத்தமபாளையத்துக் கலியாணத்துல ராக்கையா அண்ணன் என்ன சொல்லிச் சிரிச்சாக தெரியுமா? ‘வேலுச்சாமி மச்சான் காருக்கு வைக்கோல்தான் பெட்ரோலு’ன்னாக. பந்தியில சோத்த அள்ளுன கையோட அத்தன பேரும் சிரிச்சாக. எனக்கு எலையில தலையக் கவுத்துக்கலாம்னு இருந்துச்சு.”

“சிரிச்சுட்டுப் போறாக.”

“போவாக, போவாக. நம்ம வீட்டுப் பொண்ண வேண்டாம்னுட்டும் போவாக!”

புருசன் வேலுச்சாமி அப்போதுதான் காரிலிருந்து கையை எடுத்தார். விஷயம் அங்கேதான் இருந்தது.

இவர்கள் மகள் முத்துப்பேச்சிக்கு ஏற்கெனவே ரெண்டு இடம் கூடி வந்து கலைந்திருந்தது. மூன்றாவதாக வந்தது கூடலூர் ராக்கையாவின் மகன் கர்ணன். ராக்கையா சொந்தமாக பஸ் விடுகிறவர். கூடலூரிலிருந்து கம்பத்துக்கும், மலையேறிக் குமுளிக்கும் போகிற பஸ். மோட்டார் வீட்டுக்காரர் என்கிற கெத்து நடையிலேயே தெரியும். அவர் கலியாணப் பந்தியில் சிரித்ததோடு விடவில்லை, கை கழுவும்போது மாயக்காளைக் கூப்பிட்டு, “தங்கச்சி, தப்பா நெனைக்காத. ஆவணியில கலியாணத்த வச்சுக்கிருவோம். ஆனா பொண்ணு கூடலூருக்குள்ள வரும்போது முன்னாடி மாடு நிக்கக் கூடாது. எங்களுக்கும் நாலு பேரு இருக்காக” என்று சொல்லியிருந்தார். முத்துப்பேச்சி கர்ணனை ரெண்டு திருவிழாவில் பார்த்திருக்கிறாள். ‘பிடிச்சிருக்கா?’ என்று கேட்டதற்கு, காரின் பின்சீட்டில் அடைகிடந்த கோழியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிடித்திருக்கிறது என்று தெரு முடிவு செய்துகொண்டது.

காரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலையிலிருந்து சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையிடம், முத்துப்பேச்சி பாவாடை கட்டித் திரிந்த காலத்தில் வேலுச்சாமி வாங்கியது. கட்டில் நீளம்தான் இருக்கும். கூரைத் துணி கிழிந்துபோய் எடுத்தாயிற்று. தரையில் ஒரு ஓட்டை, அதன் வழியாகத்தான் கோழி வந்துபோனது. போடுகிற சத்தத்தை வைத்து ஊர் அதற்குச் சில்வண்டு என்று பேர் வைத்திருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் கிளம்புகிற காலமெல்லாம் போய், ஒரு ஜோடி உழவு மாட்டைப் பூட்டித் தெருமுனை வரை இழுத்தால்தான் அதற்கு உயிர் வரும். அதற்கென்று முன்பக்கத்து இரும்பில் ஒரு பிடிகயிறு நிரந்தரமாகக் கட்டிக் கிடந்தது. ஓடும்போது அந்தக் கயிற்றைச் சுருட்டி எஞ்சின் மூடிமேல் வைத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வேலுச்சாமி அதைக் குளிப்பாட்டி விபூதி பூசுவார். பெண்சாதிக்கு அப்படி ஒரு நாள் தண்ணீர் இறைத்துக் கொடுத்ததில்லை என்று பொன்னாத்தாள் சொல்வாள், அது உண்மையும்கூட.

“இன்னிக்குச் சொல்றேன்,” மாயக்காள் வாசலில் நின்று கையை நீட்டினாள். “வேற காரு வாங்குங்க. இனிமே இதுல நான் ஏறுனா, எங்கப்பன் அம்மாவாசிக்கு நான் பொறக்கல!”

வேலுச்சாமி தோற்றார். மகள் விஷயமாயிற்றே.

கார் வாங்குவது எப்படி என்று அந்த ஊரில் யாருக்குத் தெரியும்? மாடு வாங்கத் தெரியும். ஆகவே வேலுச்சாமி, தன் வீட்டு மாடுகளையெல்லாம் பிடித்துக் கொடுத்த தரகர் ஒச்சாண்டியைக் கூப்பிட்டார். ஒச்சாண்டி யோசிக்கவே இல்லை. “என்னண்ணே பெரிய வித்தியாசம்? மாட்டுக்குக் கால் நாலு, இதுக்கும் நாலு. அது தின்னும், இது குடிக்கும். வாங்க போவோம்” என்றான். குமுளிக்கு அங்கிட்டு ஒரு ஏலக்காய்த் தோட்டத்துத் துரை ஊருக்குப் போகிறார், பெரிய கார் ஒன்றை விற்கிறார், பழைய காரைக் கொண்டுவந்தால் விலையில் கழித்துக்கொள்வார் என்று துப்பும் கொண்டுவந்தான். ஒரே ஒரு நிபந்தனை: பழையது தன் காலால் மலையேறி வர வேண்டும். இழுத்துக்கொண்டு வந்தால் துரை திரும்பியும் பார்க்கமாட்டார்.

“மதினியும் வரணும்” என்றான் ஒச்சாண்டி. “வீட்டுப் பொம்பள கண்ணு படாம வாங்குன உருப்படி எதுவும் கட்டுத்தறியில தங்காது.”

மாயக்காளுக்குச் சங்கடம். குமுளிக்கு பஸ்ஸில் போகலாம், ஆனால் அது ராக்கையா பஸ். புதுக் கார் வாங்க அவர் பஸ்ஸிலேயே ஏறிப் போவதா? நடந்து போக அது பக்கத்துத் தெருவா? கடைசியில், விடிந்ததும் மாடு பூட்டிச் சில்வண்டு உயிர் பிடித்ததும், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். செத்துப்போன அம்மாவாசி மேலேயிருந்து பார்த்தால் அடையாளம் தெரியக் கூடாதாம். பொன்னாத்தாளுக்கு மட்டும் தெரிந்தது.

கம்பம் தாண்டி, கூடலூர் தாண்டி, மலையடிவாரம் வரை சில்வண்டு யோக்கியமாகத்தான் வந்தது. அடிவாரத்தில் மலைக்கருப்பு இருக்கிறார். மரத்தடியில் அரிவாளோடு நிற்கிற சாமி. மேலே போகிற எந்த வண்டியும் அவருக்கு ஒரு தேங்காய் உடைக்காமல் போகாது. கும்பிட்டு முடித்தவர்கள் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பமாட்டார்கள். முகத்தைச் சாமி பக்கம் வைத்தபடி நாலடி பின்னாலேயே நடந்து, அப்புறம்தான் திரும்புவார்கள். ஒச்சாண்டி தேங்காய் உடைத்தான். மூவரும் கும்பிட்டார்கள். கிளம்பினார்கள்.

முதல் ஏற்றத்திலேயே சில்வண்டு இருமியது. ரெண்டாவது தடவை விக்கியது. அப்புறம் நின்றே போனது.

“கருப்பா!” என்றாள் மாயக்காள். மகளின் கலியாணம் அந்த மேட்டிலேயே உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. “நான் சொன்னேனா இல்லையா? சொன்னேனா இல்லையா?”

வேலுச்சாமி திரும்பிப் பின்பக்கத்து ரோட்டைப் பார்த்தார். காரை மெல்லப் பின்னோக்கி உருளவிட்டு, மறுபடி சாமி முன்னால் சமதரைக்குக் கொண்டுவந்தார். இறங்கி, தரையில் குந்தி, பீடி பற்ற வைத்தார். அவருக்கு விஷயம் தெரியும். பெட்ரோல் தொட்டி சீட்டுக்கு அடியில் இருக்கிறது; எஞ்சின் மூக்கில் இருக்கிறது. மூக்கு மேலே தூக்கினால் தொட்டி கீழே போய்விடும், பெட்ரோல் ஓடி வராது. தொட்டி நிறைய இருந்தால் சமாளிக்கும். அன்றைக்கு அது பாதிதான். இதை அந்தப் பழைய துரையே காட்டிக் கொடுத்திருந்தார். அதற்கு வழியையும் காட்டியிருந்தார். ஆனால் அதை நாலு பேர் பார்க்கச் செய்வதற்கு வேலுச்சாமிக்குக் கூச்சம்.

“பின்னாடியே ஏத்தப் போறேன்” என்றார்.

“என்னது?”

“ரிவர்சுல. மூக்கு கீழ, பின்பக்கம் மேல. பேசாம உக்காரு.”

மூவருமாகத் தள்ளிக் காரைத் திருப்பினார்கள். மூக்கு பள்ளத்தாக்கைப் பார்த்தது. இறக்கத்தில் ஒரு தள்ளு. மாடு தேவைப்படவில்லை, சில்வண்டு கத்திக்கொண்டு உயிர் பிடித்தது. வேலுச்சாமி உடம்பை முறுக்கிக்கொண்டு பின்னால் பார்த்தார். ஒச்சாண்டி, உருண்டால் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒரு கல்லைத் தோளில் சுமந்துகொண்டு பக்கத்தில் நடந்தான். கார் மலையேறியது. முதுகு முன்னால், முகம் பின்னால்.

கலியாணமான நாளிலிருந்து வேலுச்சாமி இவ்வளவு நேரம் மாயக்காள் முகத்துக்கு நேராக முகத்தை வைத்திருந்ததில்லை. அவளுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

“என்ன என்னையவே பாக்குறீக?”

“ஒன்னைய எவன் பாத்தான்? தலையக் குனி. ரோடு மறைக்குது.”

அவள் குனிந்து ஓரமாக நகர்ந்தாள். நகர்ந்து நிமிர்ந்தபோதுதான் எதிரே பார்த்தாள்.

அவள் மலைக்குப் போகாதவள் அல்ல. முன்பு ரெண்டு முறை மாட்டுவண்டியில் போயிருக்கிறாள். போகும்போது மாட்டு வாலும் மலைப் பாறையும்தான் கண்ணில் படும், வரும்போது தூக்கம். இப்போது அவளுக்கு முன்னால் எதுவுமே இல்லை. வண்டியின் சின்ன மூக்கு, அதன் மேல் சுருட்டி வைத்த கயிறு. அதற்கு அப்பால், கீழே, கொஞ்சம் கொஞ்சமாகத் தரை விரிந்துகொண்டே போனது. யாரோ பாயை உதறி விரிக்கிற மாதிரி ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு மடிப்பு பிரிந்தது. முதலில் மலைக்கருப்பு நிற்கிற மரம். அப்புறம் மலையைக் குடைந்து வந்த பெரியாற்றுத் தண்ணீர், வெயிலில் வெள்ளிக்கம்பி மாதிரி. அந்தக் கம்பி வளைந்து போன இடமெல்லாம் பச்சை. நாற்று நட்ட பச்சை, நடாத வயலின் மண் சிவப்பு, தென்னந்தோப்பின் கருத்த பச்சை. கூடலூர் ஒரு கைப்பிடி ஓடு. அதற்கப்பால் கம்பம். ரெண்டு பக்கமும் மலை, நடுவில் அத்தனை நெல். அத்தனை பேருக்குச் சோறு.

இதற்குள்ளேயா இத்தனை வருஷம் இருந்தோம் என்று நினைத்தாள். இதற்குள்ளேயா கோழிக்கும் மிளகாய்க்கும் சண்டை போட்டோம்? அவளுக்குக் கை தானாகக் குவிந்தது. எதைக் கும்பிடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அனுமந்தன்பட்டி மாதா கோயில் கோபுரம்கூட வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது என்று பின்னால் சாதித்தாள். அங்கிருந்து அது தெரியாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அவளிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

அடுத்த வளைவில் ராக்கையாவின் பஸ் நின்றது. மூக்கிலிருந்து ஆவி சீறியது. ஆட்களெல்லாம் கீழே இறங்கிப் பாறையில் குந்தியிருந்தார்கள். ராக்கையா சட்டையெல்லாம் நனைந்து, கையில் தண்ணீர்த் தகரத்தோடு நின்றார்.

முன்னோக்கிப் போகிற வண்டியாக இருந்தால் ஒரு நொடியில் கடந்து முதுகைக் காட்டிவிடலாம். இது பின்னோக்கிப் போகிற வண்டி. அதுவும் ஒச்சாண்டி நடக்கிற வேகத்தில். பஸ்ஸைக் கடந்த பிறகும் அந்த ஏற்றம் முழுக்க மாயக்காள் ராக்கையாவின் முகத்துக்கு நேராகவே உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. எங்கே பார்ப்பது? குவித்த கையைப் பிரிக்கவும் தோன்றவில்லை.

ஒரு கிழவர் எழுந்து நின்று, “ஆத்தாடி! பின்னாலயே ஏறுதேப்பா!” என்றார்.

ராக்கையா தகரத்தைக் கீழே வைத்தார். “என்ன தங்கச்சி, போறீகளா, வாரீகளா?”

“போயிட்டு வாரோம்ண்ணே” என்றாள் மாயக்காள். வேறென்ன சொல்வாள்? அவர் வாயைப் பிளந்தபடி நின்றதையும், வளைவு மறைப்பதற்குள் மெல்லத் திரும்பி அடிவாரத்துப் பக்கம் பார்த்ததையும் அவள் கவனித்தாள். ‘போச்சு, இது கூடலூர் பூரா சிரிப்பாச் சிரிக்கும்’ என்று எண்ணிக்கொண்டாள்.

துரையின் பங்களா ஒரு மேட்டில் இருந்தது. துரைக்குத் தமிழ் வராது. உத்தமபாளையத்துக்காரர் பக்கீர் முகம்மது என்பவர் அங்கே எழுத்தராக இருந்தார். அவர்தான் ரெண்டு பக்கத்துக்கும் வாய். பெரிய கார் வாசலில் நின்றது. கருப்பு, கண்ணாடிக் கதவு, உள்ளே மெத்தை. ஒரு குடும்பமே படுத்துத் தூங்கலாம்.

ஒச்சாண்டி வேலையைத் தொடங்கினான். காரைச் சுற்றி வந்தான். விலாவில் தட்டினான். விளக்குக் கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டினான். குனிந்து அடிவயிற்றைப் பார்த்தான். பிறகு மாட்டுக்குச் சுழி பார்ப்பது போலத் தேடி, எஞ்சின் மூடியின் பளபளப்பில் துணி தேய்த்த வட்டம் ஒன்றைக் கண்டுபிடித்து, “ராஜ சுழிண்ணே! நெத்தியில இருக்கு. இது நிக்கிற வீட்டுல நெல்லு கொறையாது” என்றான்.

துரை என்ன என்று கேட்டார். பக்கீர் முகம்மது கொஞ்சம் யோசித்து, ஏதோ சொன்னார். துரை தானும் குனிந்து அந்தச் சுழியைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் தலையாட்டினார்.

அடுத்தது துண்டு. சந்தையில் போல ஒச்சாண்டி துண்டை விரித்துக் கையை மூடி, துரையின் கையை உள்ளே இழுத்துக்கொண்டான். விலையை வாயால் சொல்லக் கூடாது, விரலால்தான் பேச வேண்டும். துரை முதலில் சிரித்தார். அப்புறம் அவருக்கே சுவாரஸ்யம் தட்டிவிட்டது. துண்டு வெகுநேரம் துள்ளியது. சின்னக் காரோடு மேலே எவ்வளவு பணம் என்று அந்தத் துண்டுக்குள் முடிவானது. அது இன்றுவரை வெளியே கசியவில்லை. பொன்னாத்தாளுக்கு அந்த ஒரு குறை.

இதற்குள் வேலுச்சாமி பெரிய காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். ஓட்டுகிற சக்கரத்தைத் தொட்டார். மெத்தையில் ஒருமுறை எம்பிப் பார்த்தார். முகத்தில் மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விபூதியெல்லாம் அந்த ஒரு எம்பலில் மறந்துபோனது.

“இது நேராவே மலையேறும்க்கா” என்றார் பக்கீர் முகம்மது, மாயக்காளிடம். “பாதித் தொட்டியிலயும் ஏறும். திருப்பவே வேணாம்.”

“நேரா ஏறுனா என்ன தெரியும்?”

“ரோடு தெரியும். மலை தெரியும்.”

“பின்னாடி?”

“பின்னாடி என்னத்துக்குப் பாக்கணும்?”

மாயக்காள் திரும்பிச் சில்வண்டைப் பார்த்தாள்.

“மதினி, கயிறு” என்றான் ஒச்சாண்டி. மாடு கை மாறும்போது விற்கிறவர் தன் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொள்வார். வாங்குகிறவர் தன் கயிற்றைப் போட்டுப் பிடித்துப் போவார். கயிறு மாறாமல் வியாபாரம் முடியாது. சந்தையில் விலை பேசி, கை குலுக்கி, மோரும் குடித்த பிறகுகூட, கயிறு மாறவில்லையென்றால் மாடு பழைய வீட்டு மாடுதான். அதற்கு மேல் தரகரே வாய் திறக்கமாட்டார். “வீட்டம்மா கையால அவுத்துருங்க.”

மாயக்காள் சில்வண்டின் முன்னால் போய் நின்றாள். கயிற்றைப் பிடித்தாள். ஆவணிக் கலியாணம், முத்துப்பேச்சி முகம், ராக்கையாவின் வார்த்தை எல்லாம் அந்த முடிச்சில் இருந்தது. அவிழ்த்தால் மகள் கூடலூர் போவாள். வேறு கணக்கே இல்லை. விரல் முடிச்சில் நின்றது. நின்றபடியே நின்றது.

“என்ன புள்ள, இறுகிக் கெடக்கா?” வேலுச்சாமி மெத்தையிலிருந்து கேட்டார்.

“இல்ல.”

“அப்புறம்?”

“அவுக்கல.”

“ஏ! நீதானடி கேட்ட! தெருவக் கூட்டிக் கேட்ட! அப்பன் பேர இழுத்துக் கேட்ட!”

“கேட்டேன். இப்ப அவுக்கலங்கிறேன்.”

“மகளுக்கு என்ன பதிலு சொல்லுவ?”

மாயக்காள் முகத்தைக் கயிற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணில் நீர் தளும்பியது. ஆனால் கயிற்றை விரலில் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். ஒச்சாண்டி துண்டை உதறித் தோளில் போட்டான். தரகு போன துக்கம் அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. இருந்தும், “கயிறு மாறல. வியாபாரம் இல்ல” என்றான். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. துரை மட்டும், சுழியில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தார்.

சில்வண்டு மேட்டிலிருந்து உருண்டு, உயிர் பிடித்து மலையிறங்கியது. முகம் முன்னால்தான் இருந்தது, பள்ளத்தாக்கு அதே பள்ளத்தாக்குத்தான், மாலை வெயிலில் இன்னும் பொன்னாக இருந்தது. மாயக்காளால் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. சொந்த மகளைவிட ஒரு காட்சி பெரிதாகிவிட்டதா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அடிவாரத்தில் கூட்டம் தெரிந்தது. கூடலூரே திரண்டு நின்றது. “சிரிக்கத்தான் வந்திருக்காக” என்று முந்தானையை இழுத்துக்கொண்டாள்.

ராக்கையா முன்னால் வந்தார். கையில் தட்டு, தட்டில் சூடம். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டியிருந்தார். பஸ்காரர் துண்டை இடுப்பில் கட்டி யாரும் பார்த்ததில்லை.

“மச்சான்,” தட்டை உயரப் பிடித்தார். “நான் இந்தப் பாதையில எத்தன வருசமா பஸ் ஓட்டுறேன். ஒரு நாளும் எனக்கு இது தோணல. கருப்பக் கும்பிட்டுட்டு அவருக்கு முதுகக் காட்டிக்கிட்டுத்தான் மலையேறுறோம். இன்னிக்கு அவசரத்துல தேங்காயும் ஒடைக்கல, பஸ்ஸு கொதிச்சு நின்னுச்சு. ஓங்க காரு இருக்கே... எந்த வளைவுல திரும்புனாலும் மூஞ்சி கருப்பப் பாத்தே இருந்துச்சு மச்சான். மலை உச்சி வரைக்கும். எந்தங்கச்சி ரெண்டு கையையும் குவிச்ச மாதிரியே உக்காந்து போகுது. நான் கண்ணால பாத்தேன்!”

கூட்டம் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. யாரோ ஒரு பெண் சில்வண்டின் மூக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“அது வந்து மச்சான்,” வேலுச்சாமி பொய் சொல்லத் தெரியாதவர், “பெட்ரோல் தொட்டி இருக்குல்ல, அது சீட்டுக்கு அடியில...”

மாயக்காள் அவர் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். அவருக்கு ஏற்கெனவே கழுத்து பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகத்தான் இருந்தது. இப்போது இடுப்பும் சேர்ந்தது.

“வேற காரு வாங்கப் போனீகளாமே?” ராக்கையா கேட்டார்.

“கயிறு மாத்தலண்ணே” என்றாள் மாயக்காள்.

“மாத்திராத ஆத்தா! பொண்ணு இதுலதான் வரணும். மாடு கட்டி வந்தாலும் சரி. வேற வண்டியில வந்தா நான் சம்மதிக்கமாட்டேன்” என்று சூடத்தைச் சில்வண்டுக்குச் சுற்றிக் காட்டினார். அதன் தரை ஓட்டை வழியாகப் புகை உள்ளே வந்து மாயக்காளின் காலைச் சூழ்ந்தது. அவள் கருப்பைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள். பெட்ரோல்தான் காரணம் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அந்த நேரத்தில் அவள் உடம்பு சிலிர்த்தது பொய்யில்லை.

ஆவணியில் கலியாணம் நடந்தது. மாடு கட்டவில்லை, மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்கள் கூடித் தள்ளினார்கள். முத்துப்பேச்சி ஏறி உட்கார்ந்ததும் அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: “தெரு முக்கு வரைக்கும் பின்னாடியே ஓட்டுங்கப்பா.” அப்படித்தான் போனாள். அனுமந்தன்பட்டியில் புகுந்த வீடு போன பெண்களின் முதுகைத்தான் ஊர் பார்த்திருக்கிறது. இவள் முகம் திருப்பம் வரை தெரிந்தது. பொன்னாத்தாள்கூட அழுதாள், அவளே சொன்னாள்.

பிறகு வந்த உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்து ராக்கையாவின் பஸ் நின்றது. கர்ணனும் முத்துப்பேச்சியும் குமுளிக்குக் குடிபோய் ஏலக்காய்க் கடை வைத்தார்கள். துரை கப்பலேறினார். பக்கீர் முகம்மது உத்தமபாளையத்துக்கே இறங்கி வந்து, மதீனா என்ற பெண்ணை நிக்காஹ் செய்துகொண்டு கம்பத்தில் குடியேறினார். பெரிய கார் மதுரைக்குப் போனது என்கிறார்கள். யார் வாங்கியது, எவ்வளவுக்கு என்பது தெரியவில்லை. ஒச்சாண்டி அதற்குப் பிறகு மாட்டைத் தொடவில்லை. மோட்டார் தரகர் என்று சொல்லிக்கொண்டு தேனிக்குப் போய், அங்கே ஒரு சோடாக் கடைக்காரர் மகளைக் கட்டிக்கொண்டான். பெண் பார்க்கப் போனபோது சுழி பார்த்தானா என்று கேட்டவர்களுக்கு, பெண்தான் தன்னைச் சுற்றி வந்து பார்த்தாள் என்று பதில் சொன்னானாம்.